நிறுவனங்களுக்குள் இனவாதத்தை எதிர்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணியிடத்திலோ பல்கலைக்கழகத்திலோ மருத்துவமனையிலோ காவல் துறையிலோ இனவாதம் இருக்கிறது என்று யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும் எழுகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கேட்பவர்களில் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. தங்கள்மீது பழி விழுந்துவிட்டதாக உணரும் நிர்வாகிகள் உண்டு. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடுவில் நிற்கும் சக ஊழியர்களும் உண்டு. மூன்று தரப்பினரின் கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன.

நிறுவன இனவாதம் என்றால் என்ன? தனிமனிதரின் இனவெறியிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

தமிழில் வழக்கமாகச் சொல்லும் ‘இனவெறி’ என்ற சொல்லே முதலில் நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. வெறி என்றதும் சிவந்த கண்களும் வசைச்சொல்லும் ஓங்கிய கையும் நினைவுக்கு வருகின்றன. நிறுவனத்துக்குள் நடப்பதோ கோப்பிலும் படிவத்திலும் குழுக் கூட்டத்தின் தீர்மானத்திலும் அமைதியாக நடக்கிறது. அங்கே யாரும் குரலை உயர்த்துவதுகூட இல்லை. அதனால்தான் இங்கே ‘இனவாதம்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

இதற்குத் தனிப் பெயர் கிடைத்தது 1967-இல். அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலும் அரசியல் அறிஞர் சார்லஸ் ஹாமில்டனும் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். தேவாலயத்தில் குண்டு வைத்துக் கறுப்பினக் குழந்தைகளைக் கொல்வது தனிமனிதர்கள் செய்யும் இனவாதம்; அதே நகரத்தில் போதிய உணவும் உறைவிடமும் மருத்துவமும் கிடைக்காமல் ஆண்டுதோறும் கறுப்பினக் குழந்தைகள் இறந்துகொண்டிருப்பது நிறுவன இனவாதம். முதலாவது நாட்டையே உலுக்கும். இரண்டாவது செய்தியாகக்கூட வராது.

அரசு ஆவணம் ஒன்றில் இக்கருத்து உறுதியாக இடம்பெற்றது பிரிட்டனில். 1993 ஏப்ரல் 22 அன்று தென்கிழக்கு லண்டனில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை ஒரு வெள்ளையினக் கும்பல் குத்திக் கொன்றது. உடனிருந்த நண்பரைக் காவலர்கள் பாதிக்கப்பட்டவராக நடத்தாமல் சந்தேகத்துக்குரியவராகவே பார்த்தார்கள். தொடக்க விசாரணை சீர்குலைந்தது. அதை ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி வில்லியம் மேக்பெர்சனின் அறிக்கை 1999 பிப்ரவரியில் வெளியானது. ஒருவருடைய நிறம், பண்பாடு, இனப் பூர்வீகம் ஆகியவற்றின் காரணமாக அவருக்குத் தகுந்த சேவையை அளிக்க ஓர் அமைப்பு கூட்டாகத் தவறுவதே நிறுவன இனவாதம் என்றும், தன்னறியாத முன்முடிவு, அறியாமை, கவனமின்மை, ஓர் இனத்தவர் எல்லோரும் இப்படித்தான் என்ற வார்ப்பு எண்ணம் ஆகியவை வழியாக அது செயல்படுகிறது என்றும் அந்த அறிக்கை வரையறுத்தது. ‘தன்னறியாத’ என்ற சொல்தான் இதில் திருப்புமுனை. பிரிக்ஸ்டன் கலவரத்தைப் பற்றி 1981-இல் வந்த ஸ்கார்மன் அறிக்கை, தெரிந்தே கொள்கையாக வைத்துக்கொண்டு பாகுபாடு காட்டினால்தான் அப்பெயர் பொருந்தும் என்று கருதி, பிரிட்டன் அப்படிப்பட்ட நாடு அன்று என்று முடித்திருந்தது.

யாருக்கும் தீய எண்ணம் இல்லாதபோது அதை இனவாதம் என்று சொல்வது நியாயமா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இலேயே விடையளித்துவிட்டது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்கள் மிகக் குறைந்த கூலி கொண்ட ஒரே ஒரு பிரிவில் மட்டும் வைக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பிரிவின் மிக உயர்ந்த ஊதியம், மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த ஊதியத்தைக் காட்டிலும் கீழே இருந்தது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி 1965 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வெளிப்படையான தடையை நிறுவனம் நீக்கியது. ஆனால் மற்றப் பிரிவுகளில் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் பொதுத் திறன் தேர்வுகளில் தேர்ச்சியும் வேண்டும் என்று ஆக்கியது.

விதியில் இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பிரித்து வைக்கப்பட்ட, தரம் தாழ்ந்த பள்ளிகளில் படித்த கறுப்பினத்தவர்களில் மிகப் பலரை அது வெளியே நிறுத்தியது. அதே வேளையில், அச்சான்றிதழ் இல்லாமலேயே முன்பு சேர்ந்திருந்த வெள்ளையினத் தொழிலாளர்கள் அந்த வேலைகளைக் குறையின்றிச் செய்துகொண்டிருந்தார்கள். அப்படியானால் சான்றிதழுக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு? கிரிக்ஸ் வழக்கு என்று அறியப்படும் இதில் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது, ஒரு விதியை அதன் நோக்கத்தை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது, அதன் விளைவையும் பார்க்க வேண்டும் என்பதே. ஓர் இனத்தவரை விகிதத்துக்கு மீறி வெளியேற்றுகிற தகுதி விதி அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவை என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்தது.

ஆகவே “நான் இனவாதியா?” என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்வதால் ஒரு நிறுவனத்துக்கு அதிகப் பயனில்லை. “இந்த விதி யாரை வெளியே நிறுத்துகிறது, எதற்காக?” என்ற கேள்விக்குத்தான் பதில் வேண்டும். முதல் கேள்வி ஒருவரைக் குற்றவுணர்விலோ கோபத்திலோ கொண்டுபோய் விட்டுவிடும். இரண்டாவது கேள்விக்குக் கோப்பைத் திறந்தால் விடை கிடைக்கும்.

எங்கள் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். பிறகென்ன?

எல்லோருக்கும் ஒன்றாக எழுதப்பட்டது எல்லோர்மீதும் ஒன்றாக விழுவதில்லை. பிரிட்டனில் ஒரு தனியார் பள்ளி, மாணவர்கள் தொப்பியணிய வேண்டும், முடியை வெட்டிக்கொள்ள வேண்டும் என்ற சீருடை விதியைக் காட்டி, தலைப்பாகை அணிந்த சீக்கியச் சிறுவனைச் சேர்க்க மறுத்தது. விதி எல்லோருக்கும் பொதுதான் என்பது பள்ளியின் வாதம். அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1983-இல் அதை ஏற்கவில்லை. சீக்கியர்களை ஓர் இனக்குழுவாகக் கருதி, இது சட்டவிரோதமான மறைமுகப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஒரு விதியை எழுதும்போது மனத்தில் எந்த முகம் இருந்தது என்பதை விதியின் சொற்களில் தேடினால் கிடைக்காது. அது பொருந்தாமல் வெளியே நிற்பவர்களைப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் நிறுவனத்தில் இது இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டறிவது?

கருத்துக்கணிப்பு நடத்துவதற்கு முன்னால் முடிவுகள் எடுக்கப்படும் இடங்களைப் பட்டியலிடுங்கள். விண்ணப்பங்களை வடிகட்டுவது, நேர்காணல், தொடக்க ஊதியம், தகுதிகாண் காலம், ஆண்டு மதிப்பீடு, பதவி உயர்வு, நல்ல பணிகளை யாருக்கு ஒதுக்குவது, ஒழுங்கு நடவடிக்கை, விலகல் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒருவர் இன்னொருவரைப் பற்றி ஒரு முடிவு எடுக்கிறார். ஒவ்வொரு வாசலிலும் எந்த இனத்தவர் எத்தனை பேர் நுழைந்தார்கள், எத்தனை பேர் தாண்டினார்கள் என்று எண்ணிப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும். மொத்த ஊழியர்களில் இத்தனை விழுக்காடு என்ற ஒற்றை எண்ணை மட்டும் வெளியிடும் நிறுவனத்தை நான் எப்போதும் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்ப்பேன்; துப்புரவுப் பணியாளர்களையும் இயக்குநர்களையும் ஒன்றாகக் கூட்டினால் எந்த எண்ணும் அழகாகத்தான் தெரியும்.

முதல் வாசலிலேயே எவ்வளவு இழக்கப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பொருளியல் அறிஞர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வெளிவந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி, அதன் முடிவை 2004-இல் வெளியிட்டார்கள். தகுதிகள் ஒப்பானவை, பெயர்கள் மட்டும் வெள்ளையினத்தவருடையவை போலவோ கறுப்பினத்தவருடையவை போலவோ தோன்றும். வெள்ளையினப் பெயர்களுக்கு வந்த அழைப்புகள் சுமார் 50 விழுக்காடு அதிகம். அமெரிக்காவில் 1989 முதல் நடந்த இத்தகைய கள ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, கால் நூற்றாண்டில் கறுப்பினத்தவருக்கு எதிரான ஆள்சேர்ப்புப் பாகுபாடு குறைந்ததற்கான சான்று இல்லை என்றது.

கருவிகளையும் விட்டுவிடக் கூடாது. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஆபத்தான அளவுக்கு ஆக்சிஜன் குறைந்திருப்பதை வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020 டிசம்பரில் ஒரு மருத்துவ ஆய்வு காட்டியது. அந்தக் கருவியை மாட்டிய செவிலியர் மனத்தில் எந்த இனவாதமும் இருந்திருக்க வேண்டியதில்லை.

முடிவைக் கணினியிடம் விட்டுவிட்டால் பாகுபாடு இருக்காதல்லவா?

கணினிக்கு யாரோ ஒருவர்தான் எதை அளக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். அமெரிக்க மருத்துவமனைகளில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கணிக்கப் பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருள், நோயின் கடுமைக்குப் பதிலாக நோயாளிக்கு ஆகும் செலவை அளவுகோலாகக் கொண்டது. கறுப்பின நோயாளிகளுக்கு அதே அளவு நோய்க்குக் குறைவாகவே செலவிடப்பட்டுவந்ததால் அவர்கள் நலமாக இருப்பதாகக் கணினி எண்ணிக்கொண்டது. 2019-இல் வெளியான ஆய்வின்படி, இந்தக் கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவர் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும். நேற்றைய அநீதியை இன்றைய தரவாக ஊட்டினால் நாளைய முடிவும் அதுவாகவே இருக்கும். வேறுபாடு என்னவென்றால், மனிதரிடம் விளக்கம் கேட்கலாம், கணினியிடம் கேட்க முடியாது என்று எல்லோரும் கைவிரித்துவிடுவார்கள்.

இன விவரங்களைச் சேகரிப்பதே ஆபத்தில்லையா?

இந்த அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நெதர்லாந்தின் நேர்த்தியான மக்கள் பதிவேடுகள், அந்நாட்டை 1940-இல் பிடித்த நாஜிகளுக்கு யூதர்களைத் தேடிப் பிடிக்க உதவின. அங்கிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,00,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பிரான்சில் இனப் பூர்வீகம் பற்றிய விவரங்களைத் திரட்டுவதை 1978-ஆம் ஆண்டின் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. 2007-இல் அரசியலமைப்பு மன்றமும் அந்த நிலைப்பாட்டை வலியுறுத்தியது.

ஆனால் எண்ணாமல் இருப்பதால் பாகுபாடு நின்றுவிடுவதில்லை, அதைக் காட்டும் வழிதான் அடைபடுகிறது. அதே நெதர்லாந்தில் வரித்துறை, குழந்தைகள் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைத் தேடுவதாகச் சொல்லி, டச்சுக் குடியுரிமை இல்லாததை ஆபத்துக்கான அறிகுறிகளுள் ஒன்றாக வைத்திருந்தது. 26,000-க்கும் மேற்பட்ட பெற்றோர்கள் மோசடிக்காரர்களாக முத்திரை குத்தப்பட்டார்கள்; பலர் பல்லாயிரம் யூரோவைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டுக் கடனில் மூழ்கினார்கள். 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. 2022 மே மாதத்தில், வரித்துறையில் நடந்தது நிறுவன இனவாதம்தான் என்று அரசு ஒப்புக்கொண்டது. இங்கே இனத்தோடு தொடர்புள்ள விவரம் மக்களைக் கண்காணிக்கப் பயன்பட்டதே தவிர, துறையைக் கண்காணிக்கப் பயன்படவில்லை.

அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வழி கிடைக்கும். விவரத்தை ஊழியரே தன் விருப்பப்படி, தானே தேர்ந்தெடுக்கும் பெயரில் தர வேண்டும்; அது அவருடைய பணிக்கோப்பில் சேரக் கூடாது; முடிவெடுக்கும் மேலாளரின் கண்ணில் படக் கூடாது; தனியாளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சிறிய எண்களை வெளியிடக் கூடாது. சட்டம் இதற்கு இடம்தராத நாடுகளில், மேலே சொன்ன கற்பனை விண்ணப்பச் சோதனை போன்ற வழிகள் கைகொடுக்கும்.

பயிற்சி வகுப்புகள் போதாதா?

போதாது. அமெரிக்காவில் 708 தனியார் நிறுவனங்களின் முப்பது ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து சமூகவியலாளர்கள் அலெக்சாண்ட்ரா காலேவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி மூவரும் 2006-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: மேலாளர்களின் முன்முடிவைக் களையும் பயிற்சிகளால் மேலாளர் பதவிகளில் மிகக் குறைந்த மாற்றமே வந்தது, இன்ன இலக்குக்கு இன்னார் பொறுப்பு என்று ஒரு குழுவையோ அதிகாரியையோ நியமித்த இடங்களில்தான் கூடுதல் மாற்றம் வந்தது. பயிற்சி நடத்துவது எளிது, வருகைப் பதிவேடு சான்றாக நிற்கும், யாருடைய அதிகாரமும் குறைவதில்லை. அதனால்தான் நிர்வாகங்கள் அதை விரும்புகின்றன. பொறுப்பாளரும் விதிமாற்றமும் முன்னே வந்து, அவற்றை விளக்குவதற்காகப் பயிற்சி பின்னே வந்தால் அதற்குப் பொருளுண்டு. தனியே வந்தால் அது கண்துடைப்பு.

ஒடுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒருவரை உயர்பதவியில் அமர்த்தினால் நிலைமை மாறுமா?

அவருக்கு அதிகாரமும் நிதியும் இருந்தால் மாறலாம். நிழற்படத்துக்காக மட்டும் அமர்த்தப்பட்டால் மாறாது. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான என்எஃப்எல் 2003-இல் கொண்டுவந்த ரூனி விதி, தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையேனும் நேர்காணல் செய்ய வேண்டும் என்றது. நாளடைவில், முடிவை முன்பே எடுத்துவிட்டு விதிக்காக ஒருவரை அழைத்துப் பேசி அனுப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2022-இல் பிரையன் ஃபுளோரஸ் என்ற பயிற்சியாளர் இதைச் சொல்லியே வழக்குத் தொடுத்தார். இறுதிப் பட்டியலில் ஒரே ஒருவர் மட்டும் மாறுபட்ட இனத்தவராக இருந்தால் அவர் தேர்வாகும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றும், இருவர் இருந்தால் வாய்ப்பு பெருமளவு உயர்கிறது என்றும் ஒரு பல்கலைக்கழகத்தின் நியமனங்களை ஆராய்ந்தவர்கள் 2016-இல் கண்டார்கள். தனியாக ஒருவர் இருக்கும்போது அவருடைய இனம்தான் கண்ணில் படுகிறது. இருவரானதும் அவர்களுடைய தகுதி கண்ணில் படத் தொடங்குகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்ய வேண்டும்?

எழுதி வையுங்கள். நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள் அப்படியே, உடனிருந்தவர்கள், அடுத்து நடந்தது ஆகியவற்றை அன்றைக்கே குறித்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதற்கும் இதற்கும் விசாரணையில் பெரும் வேறுபாடு உண்டு. குறிப்புகள் அலுவலகக் கணினியில் இருக்க வேண்டாம். அதே நேரத்தில் நிறுவனத்தின் இரகசிய ஆவணங்களை வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம், அதையே காரணம் காட்டி உங்கள்மீது நடவடிக்கை எடுப்பார்கள். புகாரை வாய்மொழியாகச் சொன்னாலும், “இன்று உங்களிடம் இதைச் சொன்னேன்” என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்; கிணற்றில் போட்ட கல்லாகிவிடும் புகாருக்கு அந்த ஒரு வரிதான் பின்னாளில் சாட்சி. பொதுவாகச் ‘சரியாக நடத்துவதில்லை’ என்று எழுதாமல், அதே நிலையில் இருந்த வேறு இனத்தவர் எப்படி நடத்தப்பட்டார் என்று ஒப்பிட்டு எழுதுங்கள்.

காலக்கெடுவை மறந்துவிட வேண்டாம். உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருப்பதற்குள் சட்டப்படி வழக்குத் தொடுக்கும் காலம் கடந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் முறையிடப் பொதுவாக 180 நாள்கள், மாநிலத்திலும் அதற்கான அமைப்பு இருந்தால் 300 நாள்கள். ஒவ்வொரு நாட்டிலும் இது மாறும் என்பதால் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகார் கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது கோழைத்தனம் ஆகாது. விலை கொடுப்பவர் நீங்கள்தான்.

புகாரை விசாரிக்கும் நிர்வாகம் எங்கே தவறுகிறது?

யார்க்‌ஷயர் கிரிக்கெட் மன்றத்தின் கதையைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாத் தவறுகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். இங்கிலாந்தின் அந்த மன்றத்துக்காக ஆடிய, பாகிஸ்தான் பூர்வீகம் கொண்ட வீரர் அசீம் ரஃபீக், தான் அனுபவித்த இனவாதத்தை 2020-இல் வெளிப்படையாகச் சொன்னார். விசாரணை ஓராண்டு இழுத்தது. 43 குற்றச்சாட்டுகளில் 7 மெய்ப்பிக்கப்பட்டதாக 2021 செப்டம்பரில் மன்றம் அறிவித்தது. அடுத்த மாதமே, யார்மீதும் நடவடிக்கை இல்லை என்றது. இனத்தைக் குறிக்கும் வசைச்சொல் வீரர்களிடையே நட்புக் கிண்டலாகப் புழங்கியது என்று அறிக்கை பூசி மெழுகியிருந்தது வெளியே கசிந்ததும் விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பன்னாட்டுப் போட்டிகளை நடத்தும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. தலைவர் பதவி விலகினார். பிறகு புதிய நிர்வாகம் 2021 டிசம்பரில் 16 பேரை ஒரேயடியாக வெளியேற்றியது. அதிலும் உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை, நீக்கம் முறையற்றது என்று பின்னர் மன்றமே தீர்ப்பாயத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 2023-இல் 4,00,000 பவுண்டு அபராதமும், மாவட்டச் சாம்பியன்ஷிப்பில் 48 புள்ளிகள் குறைப்பும் வந்தன.

முதலில் மறுப்பு, பிறகு தாமதம், பிறகு பொறுப்பைத் தட்டிக் கழிப்பது, பணம் போகிறது என்றதும் பதற்றத்தில் எல்லோரையும் வெட்டி எறிவது. கடைசியில் செய்ததும் முதலில் செய்ததைப் போலவே தவறு. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தன் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு, அதை மறுத்தால் பாதிக்கப்பட்டவரின் நியாயமும் சேர்ந்தே வலுவிழக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. ரஃபீக் இளம் வயதில் அனுப்பிய யூத வெறுப்புச் செய்திகள் 2021-இல் வெளிவந்தன. அவர் மன்னிப்புக் கேட்டார். புகார் கொடுப்பவர் மாசற்றவராக இருந்தால்தான் புகாரைக் கேட்போம் என்று முடிவுசெய்தால் எந்தப் புகாரையும் ஒருபோதும் கேட்க வேண்டியிருக்காது. அவர் செய்ததற்கு அவர் பொறுப்பு. அவருக்குச் செய்யப்பட்டதற்கு மன்றம் பொறுப்பு. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது.

சாதிப் பாகுபாடு இதில் அடங்குமா?

ஐ.நா. அவை 1965-இல் ஏற்ற இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே ‘வம்சாவளி’ என்ற சொல் இருக்கிறது. அச்சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று அவ்வுடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002-இல் விளக்கமளித்தது. வேர்கள் வேறாக இருந்தாலும், நிறுவனத்துக்குள் அது மறைந்து இயங்கும் முறையும், அதைக் கண்டறியும் வழிகளும் பெரும்பாலும் ஒன்றே.

இத்தனை அறிக்கைகள் வந்தும் மாற்றம் ஏன் நிலைப்பதில்லை?

அறிக்கை வெளியாகும் நாளில் எல்லோரும் தலைகுனிகிறார்கள். ஆறாவது ஆண்டில் அதைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்க யாருக்கும் வேலை ஒதுக்கப்படவில்லை என்பதே முதன்மைக் காரணம். ஆஸ்திரேலியாவில் பழங்குடியினரின் காவல் மரணங்கள் 99-ஐ ஆராய்ந்த அரச ஆணையம் 1991-இல் 339 பரிந்துரைகளை அளித்தது. அதன்பிறகு 500-க்கும் மேற்பட்ட பழங்குடியினர் காவலில் இறந்திருக்கிறார்கள். பிரிட்டனில், கரீபியத் தீவுகளிலிருந்து முறைப்படி வந்து குடியேறியவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்திய விண்ட்ரஷ் விவகாரத்தில் 2020-இல் தரப்பட்ட 30 பரிந்துரைகளையும் உள்துறை அமைச்சகம் ஏற்றது; 2023 ஜனவரியில் அவற்றில் மூன்றைக் கைவிட்டது. கைவிடப்பட்டவற்றுள் குடியேறியவர்களுக்கான ஆணையர் பதவியும், எல்லை, குடியேற்றப் பணிகளைச் சோதிக்கும் தனி ஆய்வாளரின் அதிகாரத்தை வலுப்படுத்துவதும் இருந்ததைக் கவனிக்க வேண்டும். கண்காணிக்கும் கண்ணைத்தான் முதலில் மூடுகிறார்கள்.

லண்டன் பெருநகரக் காவல் துறையின் கதை இன்னும் கசப்பானது. மேக்பெர்சன் அறிக்கையின் 70 பரிந்துரைகளுக்குப் பிறகு, பொது அமைப்புகள் இனச் சமத்துவத்தை முன்னெடுப்பது 2000-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் சட்டக் கடமையாயிற்று. 2012-இல் ஸ்டீஃபன் லாரன்ஸின் கொலையாளிகள் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். இவை சிறிய மாற்றங்கள் அல்ல. ஆயினும் 24 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், லூயிஸ் கேசியின் ஆய்வு அதே காவல் துறையில் நிறுவன இனவாதம் இருக்கிறது என்று மீண்டும் சொன்னது. ஆணையர் கண்டறிதல்களை ஏற்றார். ‘நிறுவன’ என்ற அடைமொழியைத் தாம் பயன்படுத்தப்போவதில்லை என்றார். அந்தச் சொல்லை ஏற்பது அவ்வளவு முக்கியமா என்று பலர் கேட்கிறார்கள். முக்கியம் என்றே நான் நினைக்கிறேன். அதை மறுக்கும்போது சிக்கல் ‘சில அழுகிய ஆட்கள்’ என்று சுருங்கிவிடுகிறது, ஆட்களை மாற்றினால் போதும் என்ற பழைய பாதைக்கே திரும்பிவிடுகிறது.

மாற்றம் நிலைத்த இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் காவலர்கள் தெருவில் மக்களை நிறுத்திச் சோதிப்பது 2011-இல் மட்டும் 6,85,724 முறை நடந்தது. நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும், லத்தீன் அமெரிக்கப் பூர்வீகம் கொண்ட லத்தீனோக்களும். பத்தில் ஒன்பது பேர்மீது எந்த வழக்கும் இல்லை. 2013-இல் கூட்டாட்சி நீதிமன்றம் இந்த நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்ததோடு நிற்காமல், தனக்கு அறிக்கை தர ஒரு கண்காணிப்பாளரையும் அமர்த்தியது. 2016-இல் அந்த எண்ணிக்கை சுமார் 12,000. குற்றம் பெருகும் என்று எச்சரித்தவர்கள் சொன்னது நடக்கவில்லை. அந்த ஐந்தாண்டில் நகரத்தில் கொலைகள் குறைந்தன.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஒரு சூத்திரம். சிறுநீரகம் எவ்வளவு வேலைசெய்கிறது என்று கணக்கிடும் சமன்பாடுகளில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 16 முதல் 21 விழுக்காடு வரை உயர்த்திக்காட்டும் ஓர் எண் பெருக்கப்பட்டுவந்தது. அதனால் அவர்களுடைய சிறுநீரகம் உண்மையைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றி, மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் தாமதமாகச் சேர்ந்தார்கள். 2021-இல் அமெரிக்காவில் அந்த எண்ணை நீக்கிய புதிய சமன்பாடு வந்தது. அத்தோடு முடிந்திருந்தால் இனிமேல் வருபவர்களுக்கு மட்டுமே நன்மை. ஆனால் 2023 முதல், பழைய கணக்கால் காலம் இழந்த கறுப்பின நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்து, இழந்த காத்திருப்புக் காலத்தை அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு உத்தரவிடப்பட்டது. விதி மாறியது, நடந்த சேதம் கணக்கிடப்பட்டது, அது திருப்பித் தரப்பட்டது. நிறுவனங்களின் மன்னிப்பு அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த மூன்றில் எது அதில் இருக்கிறது என்று தேடிப்பார்ப்பது என் வழக்கம்.

எங்கள் எண்ணிக்கை மிகக் குறைவு. தொழிற்சங்கமும் எங்கள் பக்கம் இல்லை. அப்போதும் ஏதாவது செய்ய முடியுமா?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் ஓட்டுநர்களாகவோ நடத்துநர்களாகவோ சேர்ப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. தொழிலாளர்களைக் காக்க வேண்டிய சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 1955-இல் தீர்மானம் போட்டிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. 1963-இல் கை பெய்லி என்ற 18 வயது இளைஞருக்கு நேர்காணல் உறுதிசெய்யப்பட்டு, அவர் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் மறுக்கப்பட்டது. அந்த விண்ணப்பமே, இல்லை என்று மறுக்கப்பட்டுவந்த தடையை வெளிச்சத்துக்குக் கொண்டுவர இளைஞர் பணியாளரான பால் ஸ்டீவன்சனும் நண்பர்களும் திட்டமிட்டுச் செய்த சோதனைதான். ஒரு சிறு குழு பேருந்துகளைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், அரசியல் தலைவர்கள் பேசினார்கள், செய்தித்தாள்கள் விடவில்லை. நான்கு மாதங்களில், ஆகஸ்ட் 28 அன்று, நிறுவனம் தடையை நீக்கியது. செப்டம்பர் 17 அன்று ரக்பீர் சிங் என்ற சீக்கியர் அந்நகரப் பேருந்துகளின் முதல் வெள்ளையினத்தவரல்லாத நடத்துநரானார்.

அந்தச் சங்கத்தின் வழிவந்த அமைப்பு மன்னிப்புக் கேட்டது 2013-இல்.